‘முன்’ என்றால் எப்பக்கம்?

கல்முனைக்கு அயலான காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1930களிற் சென்னையிலே கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். அன்று பெருங்கவலை புதுச்சொல் காண்பதாயிருந்தது. இன்று கணினி நூல்களைத் தமிழாக்க முனைவோர்க்குச் சொற்பஞ்சம் அவ்வளவாக இல்லை. சொல்லுக்கு எழுதும் விளக்கமே தொல்லை தருகிறது.

ஈமாக்ஸ் என்னும் உரைதிருத்தியை அன்பர் சிலர் அறிந்திருப்பர். 1976இல் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் உருவாகி, 1985 முதல் குனூ ஈமாக்ஸ் என்ற பெயரில் வழங்கி வருவது அது. அதன் பயனர் கையேட்டில் ஓர் அருஞ்சொற்பொருட் பகுதியும் உண்டு. மாணவர்க்கென அதனைத் தமிழில் எழுதப் புகுந்தபோது என்னை நெடுநேரம் தடுத்து நிறுத்தியவை ‘எழுத்து’, ‘முன்’ என்னும் இரண்டு எளிய சொற்களே.

நாம் கற்ற இலக்கணத்தில் ‘க்’ என்னும் மெய்யோடு அகரம் சேரக் ‘க’ பிறக்கும். கணினியில் வழங்கும் யூனிகோட் முறையோ இதனைத் தலைகீழாக வைத்திருக்கிறது. அங்கே ‘க’தான் அடிப்படை, புள்ளி என்னும் தனிக்குறி அதனோடு சேர்ந்தாற்றான் ‘க்’. ‘கொ’ நமக்கு ஓரெழுத்து; கணினிக்கு இரண்டு குறிகள். ஆகவே ‘ஓர் எழுத்தை அழிக்கும் விசை’ என்று விளக்கம் எழுதினால், ‘கொ’வை அடுத்து நின்று பின்னழி விசையைத் தட்டும் மாணவன், ‘க’ எஞ்சி நிற்பதைக் கண்டு திகைப்பான்; கருவி பழுதென்றும் எண்ணுவான். ‘குறியுரு’ என வேறொரு சொல் வைத்து, தமிழில் ஓரெழுத்து ஒன்றோ பலவோ குறியுருக்களால் ஆகும் என ஒரு வரி சேர்த்தலே நேர்மை.

‘முன்’ இன்னும் பொல்லாதது. ‘முன்பக்கத்திற் சொன்னோம்’ என்றால் வாசித்து முடித்த பக்கம். ‘முன்னே செல்’ என்றால் இனி வாசிக்க வேண்டிய பக்கம். புணரியல் படிப்பிக்கும் ஆசிரியர்கள் நகைப்பர்: அங்கே ‘உயிர்முன்’ வருவது, உயிருக்குப் பின்னே ஒலிப்பதல்லவா? ‘வலப்பக்கம் நகர்தல்’ என்று எழுதிவிட்டால் என்ன எனலாம். தமிழ் மட்டும் எழுதுவோர்க்கு அது போதும். எம்மூர்ப் பிள்ளைகள் இஸ்லாம் பாடக் குறிப்பைத் தமிழில் எழுதி, இடையே அறபு வாசகம் சேர்ப்பவர்கள். அறபு வலமிருந்து இடஞ் செல்வது. 2012இல் வெளிவந்த 24ஆம் பதிப்பு முதல் ஈமாக்ஸ் இரு திசை எழுத்துக்களையும் ஒரே வரியிற் காட்ட வல்லது. முன்னோக்கி நகர்த்தும் கட்டளை, அறபுப் பகுதியுட் புகுந்ததும் இடப்பக்கமாகவே நகர்த்தும். தமிழையே அறபு எழுத்தில் எழுதிய அறபுத்தமிழ் மரபினர்க்கு இது வியப்பாகாது.

‘வாசிக்கும் வரிசையில் அடுத்த குறியுருவுக்குச் செல்லுதல், தமிழில் வலப்பக்கம், அறபில் இடப்பக்கம்’ என்றே எழுதி வைத்தேன். சற்று நீளந்தான். நீளத்துக்கு அஞ்சிச் சுருக்கிய விளக்கங்களைப் பள்ளிக்கூடங்களிற் போதிய அளவு மனனம் செய்துவிட்டோம்.

இன்னுமொன்று. ஈமாக்ஸ், உரையை அகற்றுவதில் இருவகை காண்கிறது: பிறகு ஒட்டுவதற்கென வெட்டி வைப்பது ஒன்று; வைக்காமல் அழிப்பது மற்றது. இரண்டையும் ‘நீக்கல்’ என ஒரே சொல்லில் அடக்கினால், ஒரு பந்தியை இடமாற்ற எண்ணிய மாணவி அதனை அழித்துவிடுவாள். ஒட்ட முயலும்போதோ, முன்னெப்போதோ வெட்டிய பழைய வரி வந்து விழும்.