கவுன்சில் கூட்டத்துல இரண்டு கேமரா



எபிசோட்ல அவசரமா சொல்லிட்டுப் போன ஒரு விஷயத்தை இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன். ஃபிரிஸ்கோ சிட்டி கவுன்சில், ஃபிரிஸ்கோ ஐஎஸ்டி போர்டு கூட்டங்களோட வீடியோ ஆன்லைன்ல இருக்கு இல்லையா? அது அவங்க பெரிய மனசு பண்ணிப் போடறது இல்லை. போட்டே ஆகணும்னு சட்டம் சொல்லுது.

டெக்சாஸ் ஓப்பன் மீட்டிங்ஸ் ஆக்ட்ல இதுக்கு இரண்டு தனித்தனி விதிகள் இருக்கு.

முதல் விதி, அவங்க கேமராவுக்கு. 2015-ல நிறைவேறின ஹவுஸ் பில் 283, 2016 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. 50,000 பேரோ அதுக்கு மேலயோ இருக்கிற நகரமும், 10,000 மாணவர்களோ அதுக்கு மேலயோ படிக்கிற பள்ளி மாவட்டமும் வழக்கமான கூட்டங்களை வீடியோவா பதிவு செய்யணும். ஏழு நாளுக்குள்ள இணையத்துல ஏத்தணும். குறைஞ்சது இரண்டு வருஷம் வெச்சிருக்கணும். யூடியூப் மாதிரி தளமே போதும். 2020 சென்சஸ்படி ஃபிரிஸ்கோ மக்கள்தொகை 200,509. அதனால நாம தப்பிக்கவே முடியாது!

ஓட்டைகளும் உண்டு. கவுன்சிலோட வொர்க் செஷனுக்கும் சிறப்புக் கூட்டத்துக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. ஸ்கூல் போர்டுன்னா, அந்த மாதிரி கூட்டத்துல ஓட்டெடுப்போ பொதுமக்கள் பேச்சோ நடந்தா அதையும் பதிவு செய்யணும். வக்கீல் ஆலோசனை, நிலம் வாங்கறது, ஊழியர் விவகாரம் இதெல்லாம் மூடின கதவுக்குள்ள நடக்கலாம். ஆனா இறுதி ஓட்டு வெளியிலதான் போடணும்.

இரண்டாவது விதி, உங்க கேமராவுக்கு. பிரிவு 551.023-படி, கூட்டத்துக்கு வந்த யாரும் முழுசாவோ கொஞ்சமோ ரெக்கார்ட் பண்ணலாம். டிரைபாட் எங்க வைக்கணும்னு அவங்க விதி போடலாம். எடுக்கவே கூடாதுன்னு தடுக்க முடியாது.

எதுக்கு இரண்டு? தமிழ்நாட்டைப் பாருங்க. சட்டமன்றத்துல கேள்வி நேரம் 2022 ஜனவரியில முதல்முறையா நேரலையா வந்தது. நல்ல விஷயம்தான். ஆனா, தங்க ஆளுங்க பேசும்போது வெட்டிடறாங்கன்னு அதிமுக தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. கேமராவும் கட் பட்டனும் ஒரே கையில இருந்தா இந்தச் சந்தேகம் தீரவே தீராது.

இதோட மறுபக்கமும் இருக்கு. வாட்ஸ்அப்ல வர்ற முப்பது செகண்ட் கிளிப்பையும் யாரோ ஒருத்தர்தான் வெட்டியிருக்கார். நம்ம ஆளுங்களைப் பத்தி யாரோ மைக்ல ஏதோ சொன்னாங்கன்னு ஒரு கிளிப் வந்தா, ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி முழு வீடியோவுல அந்த இடத்துக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம், பின்னாடி அஞ்சு நிமிஷம் பாருங்க. இரண்டு சர்வரோட லாகை ஒப்பிடற மாதிரிதான். ஒண்ணு மறைச்சதை இன்னொண்ணு காட்டிக் கொடுக்கும்.

செய்ய வேண்டியது மூணு:

1. கிளிப் அனுப்பாதீங்க. அஜெண்டா எண்ணோட, அந்த நிமிஷத்துல ஆரம்பிக்கிற லிங்க்கை அனுப்புங்க.

2. ஆட்டோ கேப்ஷனை நம்பி மேற்கோள் காட்டாதீங்க. நம்ம பேரையெல்லாம் அது என்ன பாடு படுத்தும்னு உங்களுக்கே தெரியும். காதால கேட்டுட்டு எழுதுங்க.

3. முக்கியமானதை டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க. ஸ்டேலி மிடில் ஸ்கூலை மூடறதுன்னு ஐஎஸ்டி போர்டு முடிவெடுத்தது 2024 கடைசியில. அந்த வீடியோவை வெச்சிருக்கணும்ங்கற சட்டக் கட்டாயம் 2026 கடைசியோட முடியுது. அதுக்கப்புறம் அது இருக்கறதும் இல்லாததும் அவங்க விருப்பம்.

பார்த்துட்டு ஏதாவது சொல்லணும்னு தோணினா, 2019-ல வந்த திருத்தப்படி அஜெண்டாவுல இருக்கிற விஷயத்தைப் பத்தி முடிவெடுக்கறதுக்கு முன்னாடியே பேச உங்களுக்கு உரிமை இருக்கு. கவுன்சில் கூட்டம் மாசத்துல முதல், மூணாவது செவ்வாய். அப்பா அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க.