நிறத்தை நம்பாதீர்கள், காலைப் பாருங்கள்

பிரிட்டனில் தேனீயின் உறவினமான, ரோமம் அடர்ந்த பம்பிள்பீக்கள் 24 வகை உண்டு. வால் வெள்ளையா, சிவப்பா, மஞ்சள் பட்டை எத்தனை என்று பார்த்தே இனம் பிரித்துவிடலாம் என்று தோன்றும். நடக்காது. அங்கே மிகச் சாதாரணமான இரண்டு இனங்களின் வேலைக்காரிகளை நிறத்தை வைத்துப் பிரிக்க நிபுணர்களாலேயே முடிவதில்லை. மரபணுவைப் பார்க்க வேண்டும். போதாததற்கு, வெயில் பட்டு ரோமமும் வெளுத்துப்போகும்.

ஆனால் அவற்றின் போக்கு அவ்வளவாக ஏமாற்றாது. மார்ச் மாதத்தில் தரையை ஒட்டி வளைந்து வளைந்து பறக்கும் குண்டுப் பூச்சி, ராணி. குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தனியே கிடந்துவிட்டு, இப்போது கூடு கட்ட எலி விட்டுப்போன வளையைத் தேடுகிறாள். பறப்பதற்குச் சிறகுத் தசை சுமார் 30 டிகிரி சூடாக வேண்டும். அதற்காக உடம்பை நடுக்கியே சூடேற்றிக்கொள்வாள். அதே சூட்டில்தான் கோழியைப் போல முட்டைகளை அடைகாக்கவும் செய்கிறாள்.

பின்னங்காலில் மகரந்த உருண்டை இருந்தால் கூட்டுக்காக உழைப்பவள். கோடை முடிவில் பூவில் சோம்பலாக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. பின்னங்காலில் மகரந்தக் கூடையே இல்லாத பெண் என்றால் 'குயில்' இனம்: அடுத்தவர் கூட்டில் புகுந்து, பல சமயம் ராணியையும் கொன்று, அங்குள்ள வேலைக்காரிகளை வைத்தே தன் பிள்ளைகளை வளர்த்துக்கொள்ளும். முட்டையோடு நிறுத்திக்கொள்ளும் நம் குயில் இதற்கு எவ்வளவோ மேல்.

தக்காளிப் பூவைக் கவ்விக்கொண்டு, சிறகை அசைக்காமல் தசையை மட்டும் அதிரவைத்து மகரந்தத்தை உதிர்ப்பது பம்பிள்பீக்களின் வித்தை. தேனீக்கு இது வராது. ஐரோப்பியப் பசுமைக்குடில்களில் முன்பு ஆட்களே அதிர்வுக் கருவியோடு பூ பூவாகப் போனார்கள். 1980களின் இறுதியிலிருந்து பெட்டியில் வரும் பம்பிள்பீக்கள் அந்த வேலையைப் பார்க்கின்றன. 2022இல் வெளியான லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வு இன்னும் விசித்திரம்: எந்தப் பரிசும் இல்லாமலே அவை சின்ன மரப்பந்துகளை உருட்டின. வயதானவற்றைவிட இளசுகளே அதிகம் உருட்டின. விளையாட்டு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இந்தியாவில் பம்பிள்பீ பார்க்க வேண்டுமானால் இமயமலைப் பக்கம் போக வேண்டும், தென்னிந்தியாவில் கிடையாது. நம் தோட்டத்தில் ரீங்காரமிடும் கருவண்டு வேறு: பட்டுப்போன மரத்தைத் துளைத்து வாழ்வது, வயிற்றின் மேல்பக்கம் ரோமமின்றிப் பளபளப்பது. கத்திரிப் பூவை அதிரவைத்து மகரந்தம் உதிர்ப்பதில் மட்டும் பம்பிள்பீயின் பங்காளி.

படம் எடுப்பவர்கள் பின்னங்கால் தெரியும்படி எடுங்கள். நெருங்கும்போது பம்பிள்பீ நடுக்காலைத் தூக்கினால் கொஞ்சம் விலகிவிடுங்கள், அது எச்சரிக்கை. கொடுக்கு தேனீயுடையதுபோல் தோலில் சிக்கிக்கொள்ளாது, மறுபடியும் கொட்டும்.