மெலாவத்தி பீரங்கியில் எந்தத் துரு?

கோலசிலாங்கூரின் புக்கிட் மெலாவத்திக் குன்றுக்கு ஏறுகிறவர்கள் குரங்குக்குத் தீனி போட்டு, பீரங்கிமேல் பிள்ளையை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்கள். 1784-இல் டச்சுக்காரர்கள் சுல்தான் இப்ராஹிமிடமிருந்து குன்றின்மேல் இருந்த கோட்டையைப் பிடித்துத் தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரைச் சூட்டினார்கள். மறு ஆண்டே சுல்தான் மீட்டுவிட்டார். வரலாறு போதும், துருவுக்கு வருவோம்.

துரு ஒரே பொருளல்ல, ஒரு குடும்பம். கோதைட்டும் மேக்னடைட்டும் கொஞ்சம் அடக்கமானவை. இரும்பை ஒட்டி உட்கார்ந்து உள்ளே இருப்பதை ஓரளவு காக்கும். அகாகனைட் பொல்லாதது. கடற்காற்றின் உப்பில் உள்ள குளோரைடைத் தன் படிகத்துக்குள்ளேயே பதுக்கி வைத்துக்கொள்ளும். மேலே பெயிண்ட் அடித்தாலும் ஈரம் புகுந்தால் அரிப்பு தொடரும். பிறகு பெயிண்டோடு சேர்ந்து மேல்பரப்பு பாளம் பாளமாக உதிரும். பக்கத்தில் மலாக்கா நீரிணை, கீழே சதுப்புக்காடு, ஆண்டு முழுக்க ஈரக்காற்று. கோலசிலாங்கூரில் பழைய வார்ப்பிரும்பைப் பார்த்தால் முதல் சந்தேகம் அகாகனைட் மேல்தான் விழவேண்டும்.

கண்ணால் பார்த்து இவற்றைத் திட்டமாகப் பிரிக்க முடியாது. ராமன் நிறமாலைமானி பிரித்துவிடும். பெயரில் இருப்பவர் திருவானைக்காவலில் பிறந்த நம் சி.வி. ராமன்தான். 1928-இல் இந்த ஒளிச்சிதறலைக் கண்டபோது அவர் கையில் இருந்தவை சூரிய ஒளியும் பாதரச விளக்கும். லேசர் வந்தது 1960-இல். லேசரின் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சினால், சிதறுவதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறித் திரும்பும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்தப் பொருளின் அணுக்கள் அதிரும் விதத்தைப் பொறுத்தது. மேக்னடைட்டின் முக்கியக் கோடு சுமார் 670 அலையெண்ணில் விழும், கோதைட்டினுடையது 385-ஐ ஒட்டி. சுரண்டி எடுக்க வேண்டாம். கையடக்கக் கருவியைப் பீரங்கி அருகிலேயே கொண்டுபோகலாம்.

ஆனால் லேசரின் பலத்தைக் கூட்டினால் வம்பு. அந்தச் சூட்டில் கோதைட்டே ஹெமடைட் என்ற வேறு இரும்பு ஆக்சைடாக மாறிவிடும். சாட்சியை அடித்து வாக்குமூலம் வாங்கின கதைதான். அதனால் ஒளியைக் குறைத்து, நேரத்தைக் கூட்டுவார்கள். செவ்வாயில் 2012 முதல் கியூரியாசிட்டி ஊர்தி செய்வது இன்னொரு வகை: லேசரால் ஒரு துளியை ஆவியாக்கி, எழும் ஒளியில் தனிமங்களைப் படிப்பது. அது சிறு குழி போடும். அருங்காட்சியகக்காரர்கள் யோசிப்பது நியாயமே.

தஞ்சாவூர் கீழவாசல் பீரங்கி மேட்டில் இருப்பதோ வேறு சாதி. ஐஐடி கான்பூரின் ஆர். பாலசுப்ரமணியம் குழு ஆராய்ந்த அந்தப் பீரங்கி வார்த்ததல்ல. பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்து இணைத்தது. நாயக்கர் காலத்திலிருந்து வெட்டவெளியில் அழியாமல் நிற்கிறது. அதற்குக் காரணம் கொல்லரின் கைவண்ணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது, தஞ்சைக்குக் கடற்கரைக் காற்றின் தொல்லை குறைவு.

தோட்டத்து மக்களுக்கும் இதில் வேலை உண்டு. ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் கோயில்களிலும் வீடுகளிலும் பழைய வெண்கல விளக்கு இருந்தால் களிம்பைக் கவனியுங்கள். கெட்டியாக ஒட்டிய கரும்பச்சைக் களிம்பு பெரும்பாலும் ஆபத்தில்லை. துடைத்த இடத்திலேயே வெளிர்பச்சைப் பொடியாகத் திரும்பத் திரும்பப் பூத்தால், அங்கேயும் குளோரைடுதான் குடியிருக்கிறது. புளியோடு உப்பையும் சேர்த்துத் தேய்க்கும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள்.

இரும்புக்குள் புகுந்த உப்பைக் காரக் குளியலில் மாதக்கணக்கில் ஊறவைத்து வெளியே இழுக்கும் வித்தை அடுத்த வாரம்.

(தொடரும்)