பத்தாவது வரியில் பிழையாம், தவறோ ஒன்பதில்!

நிரலின் ஒன்பதாவது வரியில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்துவிட்டு மூட மறந்துவிட்டோம். பழைய பைத்தான் பத்தாவது வரியைக் காட்டி, இலக்கணம் செல்லாது என்று மொட்டையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். பத்தாவது வரியில் ஒரு குற்றமும் இருக்காது. புதிதாகக் கற்பவர் அதையே அழித்து அழித்து எழுதிக்கொண்டிருப்பார்.

பைத்தான் பொய் சொல்லவில்லை. குறி மூடும்வரை வாக்கியம் முடிந்ததாக அது கருதுவதில்லை. அடுத்த வரியையும் அடைப்புக்குள் சேர்த்தே படித்துக்கொண்டு போய், பொருந்தாத சொல் வரும்போது நிற்கும். நின்ற இடத்தைத்தான் அது சொன்னது. நமக்கு வேண்டியதோ தவறு தொடங்கிய இடம்.

2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பு ஒன்பதாவது வரியையே சுட்டி, இந்தக் குறி மூடப்படவே இல்லை என்கிறது. மாறியின் பெயரில் ஓரெழுத்து பிசகினால், ஏற்கெனவே உள்ள பெயர்களோடு ஒப்பிட்டு, இதையா சொல்ல வந்தீர்கள் என்று கேட்கிறது. கேள்வியாகக் கேட்பதுதான் முறை. யூகம் தப்பாகவும் போகலாம் அல்லவா?

இலக்கணப் பிழைகளை இப்படிப் பிரித்துச் சொல்ல வழிசெய்தது 3.9-இல் வந்த புதிய பார்சர், அதாவது நிரலைப் படித்து இலக்கணம் பார்க்கும் பகுதி. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசமும் வேறு இருவரும் சேர்ந்து முன்மொழிந்தது அது. 3.10-இல் இந்தப் பார்சர் முதலில் பிழையைப் பற்றிக் கவலைப்படாமல் வேகமாகப் படிக்கிறது. இடறினால் மட்டும், மனிதர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளுக்கென்றே எழுதிவைத்த விதிகளோடு மறுபடி படிக்கிறது. சரியான நிரலுக்குத் தாமதமே இல்லை. கெட்டிக்காரச் சிக்கனம்!

எல்லாமே இலவசமில்லை. ஓடும்போது நிரல் உடைந்தால், வரிக்குள் எந்தத் துண்டு உடைந்தது என்று 3.11 அடிக்கோடிடுகிறது. அந்த இடக்குறிப்புகளைச் சேமிப்பதால் தொகுத்த கோப்புகள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பெருத்தன.

இந்தக் குறை பைத்தானுக்கு மட்டும் உரியதல்ல. ஜாவாவில் ஒரே வரியில் நான்கு பொருள்கள் சங்கிலியாக வந்தால், எது வெறுமையாக இருந்தது என்பதைப் பிழைச் செய்தி நெடுங்காலம் சொன்னதில்லை. 2020-இல் ஜாவா 14 அதைச் சொல்லத் தொடங்கியது. எஸ்ஏபி நிறுவனத்தின் சொந்த ஜாவாவில் அந்த வசதி 2006 முதலே இருந்தது. முடியாததால் அல்ல, முக்கியமாகத் தோன்றாததால்தான் இத்தனை தாமதம்.

மாணவர்கள் தங்கள் ஆய்வகக் கணினியில் எந்தப் பைத்தான் இருக்கிறது என்று பாருங்கள். 3.9-க்கான பராமரிப்பு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதுவோ அதற்கும் பழையதோ இருந்தால் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.