வாலைப் பார்த்து ஆளைச் சொல்!

மாணவர்களே, காமாக் கதிருக்கும் நியூட்ரானுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுக்குமே மின்னூட்டம் இல்லை. இந்த ஒற்றுமை ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகளையே ஏமாற்றிவிட்டது.

பெரிலியத்தை ஆல்ஃபாத் துகள்களால் தாக்கினால் ஒரு புதுமையான கதிர் வெளிவருகிறது. அது பாரஃபின் மெழுகில் பட்டால் மெழுகிலிருந்து புரோட்டான்கள் சீறிப் பாய்கின்றன. 1932 ஜனவரியில் பாரிஸில் இதைக் கண்ட ஜோலியோ-கியூரி தம்பதியர், அது காமாக் கதிர் என்றே கருதினர். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் இதை ஏற்கவில்லை. கனமான புரோட்டானை அவ்வளவு வேகமாகத் தள்ள, ஏறக்குறைய அதே நிறையுள்ள ஒரு துகளால்தான் முடியும் என்று அதே ஆண்டில் விளக்கினார். அதுவே நியூட்ரான்.

இன்றும் இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. பிரித்தறியாவிட்டால் என்ன? உடலில் ஒரே அளவு ஆற்றலைச் செலுத்தினாலும், நியூட்ரான் அதன் வேகத்தைப் பொறுத்துக் காமாக் கதிரைவிடச் சுமார் 20 மடங்கு வரை கூடுதல் தீங்கு செய்யக்கூடும். மேலும், காமாக் கதிர் சாதாரண மண்ணிலிருந்தும் பாறையிலிருந்தும்கூட வரும். ஆனால் ஒரு சரக்குப் பெட்டியிலிருந்து நியூட்ரான்கள் வந்தால், உள்ளே புளூட்டோனியம் ஒளிந்திருக்கலாம்!

பிரிப்பது எப்படி? ஸ்டில்பீன் போன்ற சில கரிமப் படிகங்கள், கதிர் பட்டால் நொடிப்பொழுது ஒளிரும். அந்த ஒளியைக் கருவி மின்துடிப்பாக மாற்றுகிறது. காமாக் கதிர் படிகத்தில் ஓர் எலெக்ட்ரானைத் தள்ளிவிடுகிறது. நியூட்ரானோ, சாட்விக் கண்டதைப் போலவே, ஒரு புரோட்டானைத் தள்ளுகிறது.

தள்ளப்பட்ட துகள் வழியிலுள்ள மூலக்கூறுகளைக் கிளர்ச்சியுறச் செய்கிறது. அவற்றில் ஒரு பகுதி சில நானோ வினாடிகளில் ஒளிர்ந்து ஓய்கிறது. ஒரு நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. மற்றொரு பகுதி தனியாக எளிதில் ஒளிராது. அத்தகைய இரண்டு மூலக்கூறுகள் சந்தித்தால்தான் ஒளி பிறக்கும். அது தாமதமாக, நூற்றுக்கணக்கான நானோ வினாடிகள் வரை நீளும். இதுதான் துடிப்பின் 'வால்'.

எலெக்ட்ரான் நெடுந்தூரம் ஓடுவதால் அதன் தடத்தில் கிளர்ச்சியுற்ற மூலக்கூறுகள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கும். புரோட்டான் சிறிது தூரத்திலேயே நின்றுவிடுவதால் அங்கே தேர்த்திருவிழா நெருக்கம்! சந்திப்புகள் அதிகம். ஆகவே நியூட்ரானின் துடிப்பில் வாலின் பங்கு பெரிது.

1959இல் எஃப். டி. புரூக்ஸ் இந்த வேறுபாட்டை மின்சுற்றுகளால் பிரித்துக் காட்டினார். இக்காலக் கருவிகள் துடிப்பின் உயரத்தை 2 நானோ வினாடிக்கு ஒரு முறை அளந்து எண்களாகப் பதிவு செய்ய வல்லவை. எல்லா எண்களையும் கூட்டினால் முழு ஒளி. கடைசிப் பகுதியை மட்டும் கூட்டினால் வால். வாலை முழு ஒளியால் வகுத்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சிக்கலும் உண்டு. துடிப்பு மிகச் சிறிதாக இருந்தால் விகிதம் தடுமாறும். இரண்டு காமாக் கதிர்கள் அடுத்தடுத்து வந்தால், இரண்டாவது துடிப்பு முதலாவதன் வாலைப்போல் தோன்றி ஏமாற்றும். ஆனால் துடிப்பின் முழு வடிவமும் எண்களாகக் கையில் இருப்பதால், அதிலுள்ள இரண்டு சிகரங்களைக் கண்டு அதை ஒதுக்கிவிடலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கருவியில் காமாவின் விகிதம் 0.1, நியூட்ரானின் விகிதம் 0.2 என்று வைத்துக்கொள்வோம். முதல் துடிப்பின் முழு ஒளி 900, வால் 92. இரண்டாவதன் முழு ஒளி 400, வால் 79. வந்தவர்கள் யார் யார்?