நம்ம எம்.எல்.ஏ. சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தால்?

தொகுதி மறுசீரமைப்பில் உருவான நம்ம கீழ்பென்னாத்தூர், 2011-லதான் முதல் தேர்தலைப் பார்த்தது. அதில் தோற்ற கு. பிச்சாண்டி 2016, 2021 ரெண்டு தடவையும் ஜெயிச்சார். அதுக்கு முன்னாடி திருவண்ணாமலை எம்.எல்.ஏ., முன்னாள் அமைச்சர்.

2021 மே மாசம் ஒரு சுவாரஸ்யமான சிக்கல். பதவிப்பிரமாணம் எடுக்காம யாரும் அவையில் உட்கார முடியாது. பிரமாணம் செய்து வைக்கணும்னா சபாநாயகர் வேணும். ஆனா அவரை அந்த உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கணும்! கம்ப்யூட்டர் பூட் ஆகிற மாதிரி, வெளியே இருந்து ஒருத்தர் ஆரம்பிச்சு வைக்கணும். ஆளுநர் அதுக்குத்தான் ஒரு தற்காலிக சபாநாயகரை நியமிக்கிறார். அந்த முறை அது பிச்சாண்டி. மே 11 அவர் முன்னால் மத்தவங்க பதவியேற்றாங்க, மறுநாள் மு. அப்பாவு சபாநாயகர், இவர் துணை சபாநாயகர், ரெண்டு பேருமே போட்டியின்றி.

“அப்ப நம்ம ஊர் ரோட்டுக்கு, ஏரிக்கு யாருங்க பேசுவா?” நியாயமான கேள்விதான். சபாநாயகர் அவையை நடத்தும்போது துணை சபாநாயகர் சாதாரண உறுப்பினர். பேசலாம், ஓட்டும் போடலாம். தானே நடத்தும்போது மட்டும் ஓட்டு கிடையாது, சமநிலை வந்தால் தவிர. சட்டப்படி குரல் போகலை. ஆனா நாற்காலியில் இருக்கிற நேரம் தொகுதிக்காக வாதாட முடியாது, அந்த இழப்பு நிஜம்னுதான் நான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் அமைச்சர்களுக்கு மனு கொடுக்கிறதுதான் மிச்சம்.