வீட்டோடு கடை கட்டும் வணிகர்கள் கவனத்துக்கு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது பழமொழி. நம் வணிகர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நாம் கட்டும் வீடு பெரும்பாலும் வீடாக மட்டும் இருப்பதில்லை. முன்பக்கம் ஷட்டர் போட்ட கடை, பின்பக்கமோ மாடியிலோ குடியிருப்பு, ஓரத்தில் சரக்கு அறை என்று மூன்றும் சேர்ந்தே எழும்புகிறது. கள்ளக்குறிச்சியானாலும் சின்னசேலமானாலும் சங்கராபுரமானாலும் கடைவீதியில் இதுதான் வழக்கம். ஆனால் அனுமதிச் சட்டங்கள் வீட்டை ஒரு விதமாகவும் கடையை வேறு விதமாகவும் பார்க்கின்றன. இதைக் கவனிக்காமல் கட்டிவிட்டுப் பிறகு அலைவதைவிட, அஸ்திவாரம் தோண்டும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

சுயசான்று அனுமதி யாருக்கு?

தமிழ்நாடு முழுமைக்கும் இன்று அடிப்படையாக இருப்பது 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இதன் தொடர்ச்சியாக 2024 ஜூலை 22 அன்று சுயசான்று முறை தொடங்கப்பட்டது. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்டுவோர், ஒற்றைச் சாளர இணையதளத்தில் தாமே உறுதிமொழி அளித்து உடனே அனுமதி பெறலாம். பரிசீலனைக் கட்டணமும் உட்கட்டமைப்புக் கட்டணமும் இல்லை. ஊரின் தரத்தைப் பொறுத்து, கட்டும் பரப்புக்குத் தக்கபடி ஒரே தொகையாகச் செலுத்தினால் போதும். அதிகாரி முன்கூட்டி வந்து இடம் பார்ப்பதும் இல்லை. பணி முடிப்புச் சான்றும் கேட்பதில்லை.

கேட்கும்போது இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த முறை குடியிருப்புக்கு என்றே வகுக்கப்பட்டது. ஒருவர் 1,200 சதுர அடி மனையில் கீழே இருநூறு சதுர அடிக் கடையும் மற்றதெல்லாம் வீடுமாகக் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அளவெல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் வீடு என்று எழுதிக் கொடுத்து வாங்கிய அனுமதி அந்தக் கடைக்குச் செல்லாது. அதிகாரி பார்க்காததால் பொறுப்பு குறைந்துவிடவில்லை; கையெழுத்துப் போட்டவர் தலையில் முழுதாக ஏறியிருக்கிறது. கொடுத்த விவரம் தவறு என்று தெரிந்தால் அனுமதியையே ரத்து செய்யலாம்.

ஆகவே கடையும் வீடும் சேர்த்துக் கட்டுவோர், வரைபடத்தில் கடையைக் கடை என்றே காட்டி, முறையான அனுமதிக்கு விண்ணப்பிப்பதே சரி. சிறு கட்டடங்களுக்கு உள்ளாட்சி அமைப்பே அனுமதி தரும். கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டை என்றால் நகராட்சி. சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் என்றால் பேரூராட்சி. மற்ற ஊர்களில் ஊராட்சி. பெரிய அளவானால் நகர் ஊரமைப்புத் துறைக்குப் போக வேண்டும். பணி முடிப்புச் சான்று தேவையா என்பது கடையின் பரப்பையும் உயரத்தையும் பொறுத்தது. விண்ணப்பிக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்க.

மின்சாரத்தில் வரும் வம்பு

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். வீட்டு இணைப்புக்கு 2016 முதல் இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் இலவசம். அந்த ஆசையில் வீட்டு மீட்டரிலிருந்தே கடைக்கு ஒயர் இழுத்து, ஐஸ் பெட்டியும் தராசும் ஓட்டுகிறவர்கள் உண்டு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவு, அனுமதித்த வகையை விட்டு வேறு வகைக்கு மின்சாரம் பயன்படுத்துவதை முறைகேடான பயன்பாடு என்கிறது. உரிய கட்டணத்தைப்போல் இரு மடங்கு விதிக்கலாம். எப்போது தொடங்கியது என்று உறுதி செய்ய முடியாவிட்டால், சோதனைக்கு முந்தைய பன்னிரண்டு மாதங்களுக்குக் கணக்கிடுவார்கள். சேமித்த சில நூறு ரூபாய்க்கு இது தகுமா?

சோதனையில் தவறு நேர்ந்துவிட்டதாகக் கருதினால் சும்மா இருந்துவிட வேண்டாம். முதலில் வருவது தற்காலிக உத்தரவுதான். அதற்கு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். இறுதி உத்தரவு வந்தபின் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அப்போது விதித்த தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். எனவே முதல் கட்டத்திலேயே பதில் கொடுப்பதுதான் மிச்சம்.

கடைக்குத் தனி மீட்டர் என்பதை ஒயரிங் கட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும். உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டே வேலையைச் செய்து, அவரிடம் சோதனை அறிக்கை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவுக்குக் கடை முகவரியைக் காட்டவும் மின் கட்டண ரசீது அல்லது சொத்து வரி ரசீது உதவும். வங்கிக் கடன் கேட்டால் அங்கீகரித்த வரைபடத்தைத்தான் முதலில் கேட்பார்கள். வரைபடத்தில் வீடு, வரி ரசீதில் வீடு, நேரில் பார்த்தால் கடை என்றால் எந்த மேலாளர் கையெழுத்துப் போடுவார்?

கட்டடத் தொழிலாளர் நல நிதியாகக் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் அனுமதியோடு வசூலாகிறது. இது வீண் செலவு என்று நினைக்க வேண்டியதில்லை. 1994இல் அமைந்த நல வாரியம் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் உதவுவது இந்தப் பணத்தில்தான். வேலைக்கு வருகிறவர்கள் வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்துவிட்டால் அந்தப் பதிவு அவர் குடும்பத்துக்குத் துணை.

கல்வராயன் மலையில் முதலில் பார்க்க வேண்டியது

கீழ்நாட்டுக் கதை இப்படி என்றால் மலைக்கதை வேறு. வெள்ளிமலையிலும் சுற்றுக் கிராமங்களிலும் கடையோ கிடங்கோ போட எண்ணும் வணிகர்கள் வரைபடத்துக்கு முன்னால் நிலத்தைப் பார்க்க வேண்டும். கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்கள் வசம் இருந்தது. அதனால் கீழே இருப்பதுபோல் பல தலைமுறைப் பத்திரத்தை அங்கே எதிர்பார்க்க முடியாது. ஒரு பகுதி காப்புக்காடு. அங்கே வன உரிமைச் சட்டப்படி மலைவாழ் மக்களுக்குக் கிடைக்கும் உரிமை வாரிசுக்குச் செல்லும். ஆனால் அதை விற்கவோ பிறருக்கு மாற்றவோ 2006ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிப் பணம் கொடுத்தவருக்கு நிலமும் இல்லை, அனுமதியும் இல்லை. கொடுத்த பழங்குடிக் குடும்பத்துக்கும் அதனால் தொல்லைதான்.

வன நிலத்தில் ஒரு ரேஷன் கடை வைப்பதானாலும் அதே சட்டத்தில் வரம்பு உண்டு: அரசு அமைக்க வேண்டும், ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். தனியார் மளிகைக் கடைக்கு இந்த வழியும் இல்லை. பட்டா நிலமே ஆனாலும், 1990இல் அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் அந்தக் கிராமம் வருகிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

உறுப்பினர்கள் கட்டத் தொடங்கும் முன் நான்கு காகிதங்களை ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளட்டும்: பட்டா, கடையைக் கடை என்றே காட்டும் அங்கீகரித்த வரைபடம், பணம் கட்டிய ரசீது, மின் ஒப்பந்தக்காரர் அறிக்கை. எந்தத் தொகை கட்டினாலும் ரசீது வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வர வேண்டாம். கல்லாவில் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வைக்கிற நமக்கு, கட்டடத்துக்குக் கணக்கு வைப்பது பெரிய காரியமில்லை.